நீங்கள் பார்த்த வளையம்

அண்ணே,

நேற்று டெலஸ்கோப்பின் லென்ஸ் மூடியைத் திறந்ததும் உங்கள் அத்தர் வாசனைதான் முதலில் வந்தது. கண் வைக்கிற இடத்தில் இருக்கும் கறுப்பு ரப்பரில் அது ஊறிப்போயிருக்கிறது. புருவத்தை அதில் அழுத்தி அழுத்திப் பார்ப்பீர்களே, அந்தப் பழக்கம். நாலு மாதம் பெட்டிக்குள் மூடிக் கிடந்தும் போகவில்லை. அத்தரோடு கொஞ்சம் பெயின்ட் வாடை, கொஞ்சம் கிரீஸ். உங்கள் ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு உங்கள் மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு வெளியே வராமல் வீட்டோடு இருக்கும் நாலு மாத இத்தாவை அண்ணி இருந்து முடித்துவிட்டார்கள். முடிந்த மறுநாளே எனக்கு ஆள் விட்டார்கள். "லைன்மேன் தம்பி வந்து அந்தக் குழாயை எடுத்துட்டுப் போகட்டும். தம்பிக்குத்தான்னு அவுங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க." நான் உடனே போகவில்லை. மழைக்காலம், பாபநாசத்தைச் சுற்றி எந்த வயலில் எந்தக் கம்பம் சாய்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், உடம்பு ஓய்ந்துபோகிறது என்று சாக்குச் சொன்னேன். சாக்கு பொய் இல்லை. ஆனால் அது மட்டும் காரணமும் இல்லை. உங்களிடம் ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறேன் அண்ணே. அந்தக் குழாயை வைத்துத்தான் சொன்னேன். அதை எந்த முகத்தோடு வீட்டுக்குத் தூக்கிப் போவேன்?

நாம் பழக ஆரம்பித்ததே ஒரு புகாரில்தான். கடைக்கு இன்சுலேஷன் டேப் வாங்க வந்தவனை நிறுத்தி, "தம்பி, சந்து முனை லைட்டைக் கொஞ்சம் அணைக்க முடியுமா?" என்று கேட்டீர்கள். பதினெட்டு வருட சர்வீஸில் லைட் எரியவில்லை என்று என்னைத் திட்டாத வாய் இல்லை. எரிகிறது என்று குறைப்பட்ட ஒரே மனிதர் நீங்கள். பைத்தியமோ என்று நினைத்தேன். "தினமும் வேணாம் தம்பி. சாயங்காலம் மஃரிபு தொழுகைக்கும் ராத்திரி இஷா தொழுகைக்கும் நடுவுல ஒரு அரை மணி நேரம். மாடிக்கு நேரா மூஞ்சியில அடிக்குது" என்றீர்கள். மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். கம்பிக் கட்டுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே மூன்று காலில் நின்றது அந்த டெலஸ்கோப். நாலரை அங்குலக் கண்ணாடி. பார்க்கக் குட்டி பீரங்கி மாதிரி இருந்தது.

சவூதியில் பைப் ஃபிட்டராக இருந்த கதையை அன்றுதான் சொன்னீர்கள். பாலைவனத்தில் கேம்ப். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து படுத்தால் தலைக்கு மேலே அள்ளிக் கொட்டினாற்போல நட்சத்திரங்களாம். "பத்தொன்பது வருஷம் பாத்தேன் தம்பி. ஒண்ணுக்குக்கூடப் பேரு தெரியாம பாத்தேன். அலுப்புல அப்படியே உறங்கிருவேன்." ஊருக்கு வந்து கடை போட்டு, இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்து, அறுபத்திரண்டு வயதில் பேர் தெரிந்துகொள்ளக் கிளம்பியிருந்தீர்கள்.

எனக்கு அந்த ஆசை ஒன்றும் கிடையாது. என் அப்பாவும் அம்மாவும் பண்ணையில் நாற்றுப் பறித்து நட்டவர்கள். அவர்களுக்குக் குனிந்தே வேலை. எனக்குக் கம்பத்தடியில் நின்று அண்ணாந்தே வேலை. சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொண்டு வருகிறவனைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள் என்றால் என்ன சொல்வது! ஆனாலும் வந்தேன். பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவேன். அண்ணி தரும் இஞ்சி டீ ஒரு காரணம். உங்கள் பேச்சு இன்னொன்று. இருட்டில் யாராவது கீழே நின்று, "லைன்மேன், லைட்டு எப்ப வரும்?" என்று கத்துவார்கள். நானும் வழக்கம்போல, "அஞ்சு நிமிஷத்துல வந்துரும்" என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். "ஒங்க அஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை மணி நேரம் தம்பி? தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

நமக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது. இரண்டு பேருமே முட்டாள்கள். இருப்பதிலேயே சின்ன லென்ஸைப் போட்டால்தான் பெரிதாகத் தெரியும் என்று ஒரு வாரம் அதைப் போட்டு வெறும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய லென்ஸில் தேடிப் பிடித்துவிட்டு அப்புறம்தான் சின்னதைப் போட வேண்டும் என்று தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டோம். மேலே இருக்கும் குட்டிக் குழாயும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் பகலிலேயே தூரத்துக் கம்பம் ஒன்றைப் பார்த்துச் சரிசெய்தோம். கம்பம் தலைகீழாகத் தெரிந்தது. அதில் கம்பியைத் தாங்கும் பீங்கானில் ஒரு விரிசலும் தெரிந்தது. "பாத்தீங்களா தம்பி, முதல் கண்டுபிடிப்பு!" என்று நீங்கள் குதித்தீர்கள். மறுநாள் அதை மாற்ற நான்தான் கம்பம் ஏறினேன். தலையெழுத்து.

நிலாவின் குழிகளைப் பார்த்தோம். வியாழன் பக்கத்தில் வரிசையாக நாலு புள்ளிகளைப் பார்த்தோம். அவை நிற்காமல் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போனதும், காற்றில் குழாய் ஆடுகிறது என்று நான் காலைப் பிடித்துக்கொண்டேன். "குழாய் ஆடல தம்பி. நாமதான் சுத்துறோம். பூமி சுத்துறதைக் கண்ணால பாத்துட்டேன், போதும்" என்றீர்கள். தேடியது அகப்படாத நாள்தான் அதிகம். அப்போதெல்லாம் குழாயைத் துணியால் மூடிக்கொண்டே ஒன்றைத்தான் சொல்வீர்கள். "கிடைக்கலன்னா கிடைக்கல. நாளைக்குத் தேடுவோம்."

இதற்கு நடுவில்தான் உங்கள் கண் விஷயம் வந்தது. சர்க்கரை கண் நரம்பைத் தின்றுவிட்டது என்று தஞ்சாவூரில் டாக்டர் சொன்னார். இடது கண் முடிந்தது, வலது கண்ணுக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம், உத்தரவாதம் இல்லை. அதைச் சொல்லிவிட்டு நீங்கள் எப்போதும்போல நட்டு போல்ட்டை எடைபோட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு தலை நிமிராமலே சொன்னீர்கள். "எல்லாம் பாத்தாச்சு தம்பி. அந்தச் சனி வளையம் மட்டும் ஒரே ஒரு தடவை பாத்துட்டா போதும். அதுக்குள்ள கண்டுபிடிச்சுருவோமா?" நான் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். அஞ்சு நிமிஷத்தில் லைட் வரும் என்று சொல்கிற மாதிரிதான்.

போனை வானத்துக்கு நேரே பிடித்தால் எது சனி என்று காட்டிவிடும் என்றார்கள். மாடியெல்லாம் கம்பிக் கட்டு. இத்தனை இரும்புக்கு நடுவில் போனின் திசைமுள் கிறுக்குப் பிடித்துச் சுற்றியது. "ஒங்க பஞ்சாங்கத்துல சனி எங்க இருக்குன்னு போட்டிருக்குமே தம்பி" என்று யோசனை சொன்னது நீங்கள்தான். வீட்டுச் சுவரில் தொங்கியதைப் பார்த்தேன். கும்பத்தில் சனி. அப்பாடா, வேலை சுலபமாகிவிட்டது என்று நினைத்தேன். நட்சத்திரப் படத்தில் கும்பம் மங்கலான இடம். அதற்குக் கீழே தெற்கே தனியாக ஒரு வெளிச்சப் புள்ளி. அதுதான் சனி, வேறு யார்? தலைக்கு மேலே, உச்சிக்குக் கொஞ்சம் தள்ளி, அதைவிடப் பளிச்சென்று இன்னொன்றும் நின்றது. அது மீனத்தில் இருந்ததால் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தாலும் குழாய் அவ்வளவு நிமிராது, ஸ்டாண்டின் காலில் இடிக்கும். கீழே இருந்தது எனக்கும் வசதி.

கார்த்திகை மாதம். வாரக்கணக்கில் மேகம். உங்களுக்கு ஊசி போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் மட்டும் வானம் திறந்தது. அன்று நான் விடியற்காலையிலிருந்து வயலில் நின்றிருந்தேன். முழங்கால் சேற்றில் மூன்று கம்பங்கள், சாப்பாடு இல்லை. நனைந்த சட்டையோடு வந்து பியூஸைப் பிடுங்கினேன். நீங்கள் தொழுதுவிட்டு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் காத்திருந்தீர்கள்.

அந்தத் தெற்குப் புள்ளியைப் பிடித்தேன். ஃபோகஸ் திருகைத் திருப்பினேன். முதலில் ஒரு வட்டம் தெரிந்தது, நடுவில் கறுப்பாக ஓட்டை, சுற்றிலும் வெளிச்சம். வளையம்! என் தொண்டை வரை சத்தம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். வட்டம் சுருங்கி, ஓட்டை மறைந்து, வெறும் புள்ளியானது. இன்னும் திருப்பினால் மறுபடி வட்டம். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அது நட்சத்திரம். ஃபோகஸ் விலகினால் எந்த நட்சத்திரமும் அந்தக் கண்ணாடியில் அப்படித்தான் ஓட்டை வடையாகத் தெரியும். நாம் அதை முன்பே எத்தனை தடவை பார்த்துச் சிரித்திருக்கிறோம்!

கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் இன்னும் தேடச் சொல்வீர்கள். மேலே இருப்பதைப் பார்ப்போமா என்பீர்கள். ஈரத்தில் எனக்கு உடம்பு உதறியது. வீட்டுக்குப் போய் விழ வேண்டும் என்பதைத் தவிர மண்டையில் வேறெதுவும் இல்லை. திருகை வட்டம் பெரிதாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, "அண்ணே, கிடைச்சிருச்சு. வாங்க" என்றேன். நாக்கு கூசவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

நீங்கள் குனிந்து புருவத்தை அழுத்தினீர்கள். பிறகு "சுபுஹானல்லாஹ்" என்றீர்கள். குரல் உடைந்துவிட்டது. "தம்பி, நடுவுல ஓட்டை, சுத்தி வளையம். பாத்துட்டேன் தம்பி. பாத்துட்டேன்." இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்து உங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டீர்கள். சேறு காயாத கை. இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வளையத்தைப் பற்றி நீங்கள் சொல்லாத ஆள் கடைவீதியில் இல்லை. பெயின்ட் வாங்க வந்தவனுக்கும் சொன்னீர்கள், டீ கொண்டுவந்தவனுக்கும் சொன்னீர்கள். அண்ணிக்கு எத்தனை தடவை சொன்னீர்களோ! ஒவ்வொரு தடவையும், "நம்ம தம்பிதான் புடிச்சுக் குடுத்தாரு" என்று முடிப்பீர்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு டேப்பின் விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருப்பேன்.

தை மாதம் டீக்கடையில் சனிப்பெயர்ச்சிச் சண்டை நடந்தது. வாக்கியப் பஞ்சாங்கப்படி சனி இன்னும் கும்பத்திலேயே இருக்கிறார் என்றார் ஒருவர். திருக்கணிதப்படி எப்போதோ மீனத்துக்குப் போய்விட்டார் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "வானத்துல இருக்குற சனி எந்தப் பஞ்சாங்கத்தய்யா பாக்குது?" என்று கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுச் சுவரில் தொங்கியது வாக்கியப் பஞ்சாங்கம். மீனத்தில், உச்சியில் பளிச்சென்று நின்றதே, அது நினைவுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே வந்தேன். உங்களுக்கு இரண்டாவது ஊசி போட்டுக் கட்டுக் கட்டியிருந்தார்கள். நீங்கள் கீழே படுத்தபடியே, "போயி பாருங்க தம்பி, பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க" என்றீர்கள். அந்த வெளிச்சம் இப்போது மேற்கே சரிந்து குழாய்க்குச் சுளுவான உயரத்துக்கு வந்திருந்தது. ஒரே தேடலில் கிடைத்தது. எவ்வளவு சின்னது அண்ணே! வெளிர் மஞ்சளில் ஒரு மணி, குறுக்கே ஓர் ஊசி குத்தியது போல மெல்லிய கோடு. திருகை எப்படித் திருப்பினாலும் அது கோடாகவே நின்றது. பிறகு விசாரித்தேன். அந்த வருடம் வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பியிருந்ததாம். உலகத்தில் யாருமே அந்த வருடம் அதை வட்டமாகப் பார்த்திருக்க முடியாதாம்.

கீழே வந்தேன். "வளையம் எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "அப்படியேதான் இருக்குண்ணே" என்றேன்.

முதல் பொய்க்குக் களைப்பு என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு என்ன சொல்வேன்? இரண்டு நாளில் கட்டை அவிழ்த்தார்கள். உங்கள் வலது கண்ணில் அப்போதும் பார்வை இருந்தது. பேப்பரில் தலைப்பு எழுத்தைப் படித்துக் காட்டினீர்கள். பதினாலு படி ஏற்றி உட்காரவைத்திருந்தால் உண்மையான சனியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆனால் அதைக் காட்டினால் முதலில் காட்டியது என்ன என்று கேட்பீர்களே. கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டீர்களே. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். மாசியில் சனி சூரியன் விழுகிற வெளிச்சத்துக்குள் போய் மறைந்தது. பங்குனியில் உங்கள் கண்ணும் போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது அண்ணே. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இனிமேல் காட்டவேண்டிய அவசியம் இல்லை என்று ஒரு நிம்மதி.

ஆடியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. உங்களை அடக்கம் செய்த மையவாடி வரை கூட்டத்தோடு நானும் நடந்தேன். எனக்கும் தோள் கொடுக்க இடம் விட்டார்கள். நம்ம தம்பி என்று நீங்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்ததால்தான்.

நேற்று அண்ணி இரண்டாம் தடவை ஆள் விட்டார்கள். போகாமல் இருக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கப் போனவனை அண்ணி நிறுத்தினார்கள். "எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை அந்த வளையத்தைக் காட்டுங்க தம்பி. நாப்பது வருஷம் வாழ்ந்திருக்கோம், அவுங்க அப்படிச் சந்தோசப்பட்டு நான் பாத்ததே இல்ல." மழைவிட்ட சாயங்காலம். தப்பிக்க வழி இல்லை. சந்து முனையில் பியூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

இந்த வருடம் இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போய்விட்டன. சனி மறுபடியும் உச்சிக்குப் பக்கத்தில்தான் நின்றது. குழாய் நிமிர மறுத்துக் காலில் இடித்தது. கடையிலிருந்து ஒரு சிமென்ட் கல் எடுத்துவந்து ஒரு காலுக்குக் கீழே வைத்தேன். குழாய் சாய்ந்து கொடுத்தது. இரண்டு நிமிட வேலை. அன்றைக்கும் கீழே கடை முழுக்கக் கல் இருந்தது.

அண்ணி முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார்கள். வளையம் இப்போது கொஞ்சம் விரிந்திருக்கிறது. மணிக்கு இரண்டு பக்கமும் ஒல்லியாகக் காது முளைத்த மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு நிமிராமலே கேட்டார்கள். "அவுங்க நடுவுல ஓட்டைன்னுல்ல சொன்னாங்க. பெருசா, வட்டமான்னு. இதுல ஓட்டை இல்லையே தம்பி."

வளையம் வருடத்துக்கு வருடம் மாறும் என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பியிருப்பார்கள். பாதி உண்மையும்கூட. வாய் வரை வந்தது. ஆனால் முடியவில்லை அண்ணே, அலுத்துவிட்டது. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தெற்கே இருந்த நட்சத்திரம், திருகு, தை மாதம், நீங்கள் கீழே படுத்திருந்தது, எதையும் விடவில்லை.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். உங்கள் ஸ்டூல். "அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க தம்பி? கோவிச்சுக்குற ஆளா அவுங்க? இன்னொரு தடவை பாத்திருப்பாங்க. அவ்வளவுதானே?" என்றார்கள். திட்டவில்லை. அழவும் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பிடித்துப் படி இறங்கினார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

குழாய் இப்போது என் வீட்டில் இருக்கிறது. ரப்பரை நான் துடைக்கவில்லை. இன்று காலையில் ஒரு கிராமத்தில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. நனைந்துகொண்டு நின்ற பெண்பிள்ளைகள், "கரண்டு எப்பண்ணே வரும்?" என்று கேட்டார்கள். அஞ்சு நிமிஷம் என்று நாக்கு தானாகக் கிளம்பியது. நிறுத்திக்கொண்டு, "தெரியலம்மா. இன்னைக்கு வராது போல. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். நாலு பேர் திட்டினார்கள். திட்டட்டும். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான், அதையும் நீங்கள் போன பிறகுதான் எடுத்துக்கொண்டேன். உங்களிடம் சொல்லவேண்டிய ஒரு வாக்கியம் ஒரு வருடமாக என் வாயில் கிடக்கிறது. நேரம் கெட்ட நேரத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணே, அன்னைக்குச் சனி கிடைக்கல. நாளைக்குத் தேடுவோம்.